தேரில் வந்தவன்

எங்கள் தெருவில் ஒரு நண்பர் இருக்கிறார். பாங்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல ரசிகர்; நாவல்கள் படிக்கிறவர்; நான் எழுதியவற்றில் எது சுமார், எது மட்டம் என்று என் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய இரண்டு மூன்று பேரில் ஒருவர். போன மாதம் குடும்பத்தோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"கடல் பிரமாதம் ஸார். அறை வாசலில் உட்கார்ந்தால் அலை தெரிகிறது. சாப்பாட்டையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு குப்பம். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் போதும், மீன் வாடை குடலைப் பிடுங்குகிறது. அதை மட்டும் யாராவது சரி செய்துவிட்டால் அந்த இடம் சொர்க்கந்தான்" என்றார்.

அந்த இரண்டு நாளும் அவர் மேஜைக்கு வறுத்த வஞ்சிரம் வந்திருக்கும். அதில் வாடை இருந்ததாக அவர் சொல்லவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவரைப் பார்த்து அல்ல. இதே புகாருக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ஒரு பெண் பதில் சொல்லிவிட்டாளே என்று நினைத்துத்தான். நற்றிணையில் 45ஆம் பாட்டு. ஒரு பெரிய வீட்டுப் பையன் தேர் ஏறிக் கடற்கரைக் குடியிருப்புக்கு வருகிறான். அங்கே ஒரு பெண்ணைப் பார்த்துவிடுகிறான். திரும்பத் திரும்ப வருகிறான். அந்தப் பெண்ணின் தோழி அவனை வழிமறித்துப் பேசுகிறாள். அவள் பேச்சின் சாரம் இதுதான்: இவள் கடலுக்குள் போய் மீன் பிடிக்கிறவர்களின் மகள், இருப்பது சோலை ஓரத்துச் சின்னக் குடியிருப்பு. நீயோ கடைத்தெருவில் கொடிகள் ஆடும் பழைய ஊரில், வேகமான தேர்கள் வைத்திருக்கும் செல்வரின் செல்லப் பிள்ளை. சுறாவை அறுத்துக் காயப்போட்டுவிட்டுப் பறவைகளை விரட்டிக்கொண்டிருக்கிற எங்களுக்கு அழகு எங்கிருந்து வந்தது? எங்கள் மேல் மீன் நாறுகிறது, தள்ளி நில். கடல் கொடுப்பதை வைத்து நடக்கும் எங்கள் சிறிய பிழைப்பு உன் வாழ்வுக்கு ஈடில்லைதான். ஆனாலும் எங்கள் ஜனங்களிலும் பெருமை உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

தலைவனைச் சேட்படுத்துவது, அதாவது வேண்டுமென்றே கொஞ்சம் தூரத்தில் நிறுத்தி வைப்பது, என்று உரைகாரர்கள் இதற்குத் துறை வகுத்திருக்கிறார்கள். இலக்கணம் அப்படியே இருக்கட்டும். கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குப் பிடித்தது வேறொன்று. வாடையைப் பற்றி அவன் வாய் திறப்பதற்கு முன்பே அவள் சொல்லிவிடுகிறாள். அவன் சொல்லியிருந்தால் அது அவமானம். அவள் சொல்லும்போது அது வேலியாகிவிடுகிறது. கடைசி வாக்கியத்தில் அவள் குரல் உயர்வதையும் கேட்க முடிகிறது. ஒரு நாவலாசிரியன் நூறு பக்கத்தில் செய்யவேண்டியதை அந்தப் பெண் பத்துப் பன்னிரண்டு வரிக்குள் செய்துவிட்டாள்.

கடற்கரைப் பண்பாட்டை மதிக்கவேண்டும், அதைக் காப்பாற்றி அதன் மூலமே பிரயாணிகளை வரவழைக்கவேண்டும், அப்படி வரவழைப்பது நீடித்து நிற்கும்படி இருக்கவேண்டும் என்று இன்று எல்லாரும் பேசுகிறார்கள். நல்ல பேச்சுத்தான். ஒரு காலத்தில் உல்லாசப் பிரயாணம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது சுற்றுலா என்கிறோம். பழைய வார்த்தையில் ஒரு நேர்மை இருந்தது. வருகிறவர் உல்லாசத்துக்காக வருகிறார் என்பதை அது ஒப்புக்கொண்டது. பெயர் எதுவானாலும், கரைக்கு வருகிறவனின் கண் எப்படிப்பட்டது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. அந்தக் கண்ணைப் பழக்கியதில் எங்களைப் போன்ற கதைக்காரர்களுக்கும் பங்கு உண்டு. ஆகவே என் தொழிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நெய்தல் நிலத்துக்கு நம் முன்னோர் கொடுத்த உரிப்பொருள் இரங்கல். தாழையும் புன்னையும் நாரையும் உப்பங்கழியும் அவர்கள் கண்ணுக்கு எவ்வளவு துல்லியமாகப் பட்டிருக்கின்றன! ஆனால் அந்தப் பாட்டுகளில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கரையில் நிற்பவர்கள். கடலுக்குள் போனவன் அங்கே என்ன நினைத்தான், காற்று மாறியபோது என்ன செய்தான் என்பதற்கு அவற்றில் அதிக இடம் இல்லை. பட்டினப்பாலையில் சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாகக் கும்பிடுகிற பரதவர் வருகிறார்கள். பௌர்ணமியன்று கடலுக்குப் போகாமல் குடித்து, உண்டு, விளையாடுகிறார்கள். அதிலும் பார்க்கிறவர் காவிரிப்பூம்பட்டினத்து வைபவங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிற ஒரு புலவர்தான்.

நம் காலத்துக்கு வந்தால், கடற்கரையை இந்தியா முழுவதற்கும் காட்டிய நாவல் தகழியின் 'செம்மீன்'. 1956இல் வந்தது. 1962இல் சுந்தர ராமசாமி அதைத் தமிழில் தந்தார். அந்தத் தமிழிலே படித்துவிட்டு ஒரு வாரம் வேறு எதையும் படிக்க மனமில்லாமல் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. 1965இல் அது சினிமாவாகி ஜனாதிபதியின் தங்கப் பதக்கமும் பெற்றது. கதையின் மகத்துவத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தகழி குட்டநாட்டு வயல்களுக்கு நடுவே பிறந்தவர். அம்பலப்புழையில் வக்கீலாக இருந்தவர். கரையில் இருக்கிற மனைவியின் கற்புத்தான் கடலில் இருக்கிற புருஷனின் உயிர் என்ற ஒரு நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, அதன்மேல் முழு நாவலையும் கட்டினார். அதன் பிறகு கடற்கரை என்றாலே வாசகர்களுக்குக் கடலம்மாவும், நிலா வெளிச்சமும், பிரிந்த காதலனின் பாட்டும்தான் என்று ஆகிவிட்டது. வலை என்ன விலை, தரகனுக்குக் கடன் எவ்வளவு என்பதெல்லாம் அந்த நாவலிலேயே இருக்கிறது. வாசகர்கள் அதை மறந்துவிட்டுப் பாட்டை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். குற்றம் யாருடையது என்று சொல்வது கஷ்டம்.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) சின்ன நாவல். மணப்பாட்டுக் கரையில் நடப்பது. குரூஸ் மிக்கேல் என்ற கிழவருக்கு ஒரு வல்லம், ஒரு வீடு. இரண்டையும் விற்றுவிட்டு வந்துவிடு என்கிற மகன். பிலோமி என்கிற மகள். கரையில் வல்லக்காரர்களுக்கும் லாஞ்சுக்காரர்களுக்கும் பகை மூண்டிருக்கிறது. எல்லாரும் பிலோமியின் காதலைப் பற்றித்தான் பேசுவார்கள், பேசவேண்டியதுதான். எனக்கோ அந்த வல்லந்தான் நாவல். ஒரு மனிதன் தன் தொழில் சாதனத்தை விற்பதா வேண்டாமா என்று மனசுக்குள் புரண்டுகொண்டிருப்பதை இவ்வளவு மிருதுவாகத் தமிழில் வேறு யாரும் எழுதவில்லை என்பது என் அபிப்பிராயம். பண்பாடு என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்கிறோமே, அது அந்தக் கிழவர் வீட்டில் ஒரு வல்லமாகக் கரையில் கிடக்கிறது. அதை விற்ற பிறகு அவர் வீட்டில் என்ன பண்பாடு மிச்சம்?

ராஜம் கிருஷ்ணன் உள்நாட்டில் பிறந்தவர்தான். ஆனால் 'அலைவாய்க் கரையில்' எழுதுவதற்கு முன்னால் அந்த ஜனங்களிடையே போய்ப் பழகி, கேட்டு, குறித்துக்கொண்டு வந்தார். சில இடங்களில் அந்தக் குறிப்புப் புத்தகம் எட்டிப் பார்க்கிறது என்று குறை சொல்லலாம். நானே சொல்லியிருக்கிறேன். இப்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. குறிப்புப் புத்தகம் இல்லாமல் கரைக்குப் போய்வந்து நான் எழுதிய கதை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு.

ஜோ டி குரூஸ் வந்த பிறகு விஷயம் வேறாகிவிட்டது. அவர் உவரிக்காரர். 'ஆழி சூழ் உலகு' 2004இல் வெளிவந்தது. 'கொற்கை' 2009இல் வந்து, 2013இல் சாகித்திய அகாடமி பரிசு பெற்றது. 'ஆழி சூழ் உலக'த்தில் மூன்று தலைமுறைக் கதை நடக்கிறது; அதோடு கூடவே, நடுக்கடலில் உயிருக்குப் போராடிக்கொண்டு மூன்று பேர். உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறவன் பார்வையில் கடல் எப்படி இருக்கும் என்பதைத் தமிழ் வாசகன் அதில்தான் முதன்முதலாக முழுசாகக் கண்டான். மேல்காற்றான கச்சானும், கொண்டலும், வாடையும், நீவாட்டின் போக்கும் இதில் வர்ணனைக்காக வரவில்லை. பிழைப்பதற்கும் சாவதற்கும் நடுவே இருக்கிற தகவல்களாக வருகின்றன.

முதல் தடவை முப்பது பக்கத்தில் அந்தப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். பாஷை பிடிபடவில்லை. என்னைப் போலவே பலரும் வைத்திருப்பார்கள். ஆசிரியர் நமக்காக நின்று விளக்கிக்கொண்டிருக்கவில்லையே என்று கோபம்கூட வந்தது. யோசித்துப் பார்த்தால் அந்தக் கோபமும் என் பாங்கு நண்பருடைய புகாரும் ஒரே ஜாதிதான். கரை வேண்டும், ஆனால் அதன் வாடை சட்டையில் ஒட்டக்கூடாது. மறுபடி எடுத்து, மெதுவாக, தெரியாத வார்த்தையைத் தாண்டித் தாண்டிப் படித்தேன். நூறாவது பக்கத்தில் காது பழகிவிட்டது. நல்ல விருந்தாளி ஆவதற்கு அவ்வளவு பொறுமையாவது வேண்டியிருக்கிறது.

இனி வேறொரு இலக்கியத்துக்கு வருகிறேன். உங்களுக்குச் சிரிப்பு வரலாம்; ஆனால் அதற்குத்தான் இன்று வாசகர்கள் அதிகம். வழவழப்பான தாளில் வருகிற சுற்றுலாக் கையேடுகளைச் சொல்கிறேன். அவற்றையும் ஒரு விமரிசகன் நாவலைப் படிப்பதுபோலப் படித்துப் பார்க்கவேண்டும். நான் ஒரு கட்டு சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றில் படகு இருக்கும்; படகில் ஆள் இருக்கமாட்டான். ஆள் இருந்தால் அவன் அஸ்தமன வெளிச்சத்தில் கறுப்பு நிழலாக இருப்பான், முகம் இருக்காது. மீன் விற்கிற பெண்கள் இருக்கமாட்டார்கள். கருவாடு கிடையாது. காலையில் ஏலம் நடக்கிற கரையைப் படம் பிடித்தவர் யாருமில்லை. மொத்தத்தில் எல்லாக் கரையும் ஆளொழிந்த கரை. நமக்காகக் காலி செய்து வைத்த அறையைப் போல.

தனுஷ்கோடியைப் பற்றிய பக்கங்களைப் பாருங்கள். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு புயல் வந்தது; பாம்பனிலிருந்து வந்த ரயிலையே கடல் கொண்டுபோயிற்று; நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அதில் மட்டும் போனார்கள். மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை திறந்த பிறகு, இடிந்த மாதாகோயில் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வண்டி வண்டியாக ஜனங்கள் போகிறார்கள். இடிந்த சுவர்தான் காட்சி. சுவருக்கு நாலு எட்டுத் தள்ளி ஓலைக் குடிசையில் இன்றைக்கும் வலை இழுத்துப் பிழைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. உப்புக் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் ஊற்று எடுக்கிற வித்தை அவர்களுக்குத் தெரியும். சூறையாடப்பட்ட ஊருக்கு மறுபடி போய் இருப்பது என்றால் என்ன என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். போகிறவர்கள் அவர்களிடம் சங்கு மாலை வாங்குகிறார்கள், பேரம் பேசி.

தரங்கம்பாடி இன்னும் அழகான உதாரணம். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கினார். தமிழ் அச்சுக்கு அந்த ஊர் செய்த சேவை நமக்கெல்லாம் தெரியும். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டையையும் பழைய வீடுகளையும், டென்மார்க் உதவியும் சேர்ந்து, நேர்த்தியாகப் பழுது பார்த்திருக்கிறார்கள். செய்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன்; சுண்ணாம்புக் காரையைச் சரியாக அரைக்கத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் குறைந்துகொண்டு வருகிறார்கள். ஆனால் கோட்டை வாசலில் நின்று வடக்கே பார்த்தால் மீனவர் கரை. 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி அந்தக் கரையை அடித்துப் போட்டது. மறு வருஷம் மாநில அரசாங்கம் ஓர் ஆணை போட்டது: அலை ஏறும் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கிறவர்கள் சர்க்கார் வீடு வேண்டுமென்றால் அந்த எல்லைக்கு அப்பால்தான் போகவேண்டும், பழைய இடத்தை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். உயிருக்குப் பயந்த நேரத்தில் அது நியாயமாகவே தோன்றியிருக்கும். கரையோரம் பல ஊர்களில் ஜனங்கள் உள்ளே போனார்கள். படகும் வலையும் கரையில், வீடு எங்கோ. ராத்திரி காற்று திரும்புவதைப் படுக்கையிலிருந்தபடியே தெரிந்துகொண்ட மனிதன், இப்போது எழுந்து நடந்து வந்து பார்க்கவேண்டியிருக்கிறது.

பிறகு 2019இல் மத்திய அரசாங்கத்தின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை புதிதாக வந்தது. 1991இலிருந்து கிராமக் கரைகளில் கட்டடம் கூடாது என்று ஒதுக்கியிருந்த 200 மீட்டரை, ஜனநெருக்கம் மிகுந்த இடங்களில் 50 மீட்டராகக் குறைக்க அது வழி செய்தது. மணலில் பிரயாணிகளுக்கான தற்காலிகக் குடில்களுக்கும் இடம் கொடுத்தது. நான் சட்டம் படித்தவனல்ல. கதை கட்டுகிறவன், ஒரு பாத்திரத்துக்கு 200 மீட்டர் ஆபத்து என்று சொல்லிவிட்டு இன்னொரு பாத்திரத்துக்கு 50 மீட்டரே போதும் என்று சொன்னால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மணல்வெளி சும்மா கிடக்கிறது என்று நாம் நினைக்கிறோம். மீன் காய்வது அங்கே, வலை பின்னுவதும் கிழிசல் தைப்பதும் அங்கே, ஏலம் அங்கே, படகு ஏற்றி வைப்பது அங்கே, கரைவலை இழுக்க வேண்டுமென்றால் இருபது முப்பது பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து போக இடம் வேண்டும். அந்தக் கயிற்றோடுதான் அம்பாப் பாட்டு இருக்கிறது. பாட்டை ஒலிப்பதிவு செய்து காட்சிசாலையில் வைத்துவிட்டு மணலை வேறொருவருக்குக் கொடுத்தால், அந்தப் பாட்டு எதை இழுக்கும்? ஆனால் அந்த மணலுக்கு யாரிடமும் பட்டா இல்லை, அது புறம்போக்கு. பட்டா இல்லாத இடத்தைக் காலி இடம் என்று படிப்பது உள்நாட்டுப் பழக்கம்.

இதனால் ரத்தமே சிந்தியிருக்கிறது. 1985இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப் போய், அது கடைசியில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது, மீனவர்கள் செத்தார்கள். 2023இலும் அதே கடற்கரையில், நொச்சிக்குப்பத்துச் சாலையோர மீன் கடைகளை எடுக்கவேண்டும் என்று எழுந்தபோது பெண்கள் மீனைச் சாலையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். 2024இல் அவர்களுக்குப் புதிய மீன் அங்காடி கட்டித் திறந்தார்கள். முந்தியதற்கு இது எவ்வளவோ மேல். ஆனாலும் இரண்டு தடவையும் பேச்சை ஆரம்பித்தது சாலையில் போகிறவர்களின் சௌகரியந்தான் என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நானும் ஒரு கையேடு எழுதியவன் ஆகிவிடுவேன். கரையில் இருப்பதெல்லாம் பொன் அல்ல. வட்டிக்குக் கொடுத்தவனுக்கே மீனைக் கொடுத்தாகவேண்டிய கட்டாயம் அங்கே உண்டு. சாராயம் உண்டு. ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்ணுக்குக் குரல் இல்லாத இடங்கள் உண்டு. தலையில் கூடை சுமந்து வீட்டுக்குச் சோறு போடுகிறவள் அவள்தான். இதையும் பண்பாடு என்று சொல்லி யாரும் காப்பாற்றவேண்டாம். கட்டுமரம் போய்விட்டதே, எங்கே பார்த்தாலும் பைபர் படகும் எஞ்சினும் ஆகிவிட்டதே என்று உருகுகிறவர்களையும் எனக்குப் பிடிப்பதில்லை. ஆங்கிலத்துக்கே ஒரு சொல்லாகப் போன பெருமை கட்டுமரத்துக்கு இருக்கலாம். இடுப்பளவு தண்ணீரில் நனைந்துகொண்டு அதைத் துடுப்புப் போட்டவனுடைய முதுகுக்கு அந்தப் பெருமை தெரியாது. அதற்காக அழுகிறவர் முதலில் ஆபீசுக்குக் கட்டை வண்டியில் போகட்டும்.

கோவளத்திலே மீனவப் பையன்கள் சிலர் அலைச்சறுக்கு கற்றுக்கொடுத்து நன்றாகச் சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டு சந்தோஷப்பட்டேன். அலையைப் படிக்கிற வித்தை தகப்பன் வழியில் வந்தது; அதைப் புதிய காசாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். இதில் பிரயாணி வருகிறார், பணமும் வருகிறது. ஆனால் சொல்லிக்கொடுக்கிறவன் கரைக்காரன், கேட்டுக்கொள்கிறவர் வந்தவர். தனியாக ஒரு வீட்டில் இரண்டு அறை கட்டி வந்தவரைத் தங்கவைத்து, அன்று வலையில் கிடைத்தது காரலோ சாளையோ அதைக் குழம்பு வைத்துப் போடுகிற மீனவக் குடும்பமும் எனக்குச் சம்மதமே. வஞ்சிரம் மட்டுந்தான் மீன் என்று நினைத்துக்கொண்டு வந்தவர், பால்சுறாப் புட்டின் ருசி தெரிந்துகொண்டு போவார். குழந்தை பெற்றவளுக்கு அதை ஏன் கொடுக்கிறார்கள் என்றும் கேட்டுத் தெரிந்துகொள்வார். விலையை யார் சொல்கிறார்கள், மணல் யார் கையில் இருக்கிறது என்ற இரண்டைத்தான் நான் பார்க்கிறேன்.

கன்னியாகுமரிக் கரையில் 'கணியம்' என்று ஒரு விஷயம் உண்டு. கடலுக்கு அடியில் மீன் கூடுகிற பாறை மேட்டைப் பார் என்பார்கள். மேலே தண்ணீரில் அதற்கு அடையாளம் கிடையாது. கரையில் ஒரு மாதாகோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் உள்ள மலை முகட்டையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்துக்கொள்வான். இன்னொரு பக்கத்தில் வேறு இரண்டு அடையாளங்களை அப்படியே சேர்ப்பான். இரண்டு கோடும் எங்கே வெட்டுகிறதோ அங்கே கீழே பார் இருக்கிறது. தகப்பன் மகனுக்குக் காதோடு சொல்லிக்கொடுத்த சொத்து அது. இப்போது கருவி வந்துவிட்டது. கணியத்தின் அவசியம் குறைந்துகொண்டு வருகிறது. அதைப் பற்றிப் புலம்ப எனக்கு அருகதை இல்லை. நான் சொல்ல வந்தது வேறு. நாம் கரையில் நின்று அண்ணாந்து பார்க்கிற அதே கோபுரத்தை அவன் கடலிலிருந்து பார்க்கிறான். நமக்கு அது சிற்பம், சரித்திரம், படம். அவனுக்கு அது, சமயத்தில், வீடு எந்தப் பக்கம் என்பது. அந்தப் பார்வையை எழுதாத எந்த நூலும், கையேடாக இருந்தாலும் காவியமாக இருந்தாலும், பாதிதான் எழுதியிருக்கிறது.

வருகிறவனை எப்படி வரவேற்பது என்று கரைக்காரர்களுக்குத் தெரியாமல் இல்லை. திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் மாசி மகத்தன்று திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்கு எழுந்தருளுவார். மீனவத் தலைவர் ஒருவருடைய பெண்ணை அவர் கட்டிக்கொண்டதாக ஐதீகம். அங்கே மீனவர்கள் அவரை "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிட்டு வரவேற்கிறார்கள். பெருமாளே ஆனாலும், உள்நாட்டிலிருந்து கரைக்கு வந்தவர் ஒரு உறவு சொல்லிக்கொண்டு வருகிறார். பெண் எடுத்தவர் என்றால் சீர் உண்டு, மரியாதை உண்டு. பெண் வீட்டுக்கு அடங்கி நடக்கவேண்டிய சில இடங்களும் உண்டு. நற்றிணைத் தோழி தள்ளி நில் என்று சொன்னவனுக்குத்தான் பின்னால் இந்த வரவேற்பு கிடைத்தது என்று கற்பனை செய்துகொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். இலக்கியச் சரித்திரக்காரர்கள் மன்னிக்கவேண்டும்.

என் கதையைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். 'கடல்புரத்தில்' படித்த மயக்கத்தில், கையில் அந்தப் புத்தகத்தையே வைத்துக்கொண்டு மணப்பாட்டுக்குப் போனேன். பல வருஷங்களுக்கு முன். அந்த விதத்தில் நாவலும் ஒரு கையேடுதான். என்னை அங்கே கொண்டுபோய் விட்டது அது. மணல் மேட்டின்மேல் திருச்சிலுவைக் கோயில்; அதற்குக் கீழே, 1542இல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்கிற குகை; ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பங்கழி. எல்லாம் பார்த்தேன். ஒரு மாலையும் ஒரு காலையும். ஊருக்குத் திரும்பி ஒரு கதை எழுதினேன். அதிலே ஒரு கிழவி கடலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், பக்கம் பக்கமாக. அவள் என்ன வேலை செய்தாள் என்று கதையில் இல்லை. எனக்குத் தெரியாது. பத்திரிகைக்காரர்கள் படம் போட்டு வெளியிட்டார்கள். அலை, நிலா, கிழவி. பாராட்டிக் கடிதங்களும் வந்தன.

சில வருஷம் கழித்து மறுபடி போனேன். இந்தத் தடவை நாலைந்து நாள் இருந்தேன். ஒரு காலை, மணலில் பாய் விரித்து நெத்திலி காயப்போட்டிருந்த ஓர் அம்மாளுக்குப் பக்கத்தில் போய் நின்று, நோட்டை எடுத்தேன். எழுபது வயதிருக்கும். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னய்யா எழுதுதிய?"

"கடலைப் பத்தி, உங்க ஊரைப் பத்தி."

"கடலைப் பத்தி எழுத என்ன இருக்கு? அது பாட்டுக்குக் கெடக்கு" என்றாள். பிறகு கையிலிருந்த ஓலைமட்டையை என்னிடம் நீட்டினாள். "சும்மாதான நிக்கிய. செத்த நேரம் இதப் பாத்துக்கிடுங்க. காக்கா தூக்கிட்டுப் போயிரும். கஞ்சிய எறக்கி வச்சிட்டு வாரேன்."

மட்டையை வாங்கிக்கொண்டேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காக்கைகள் நான் நினைத்ததைவிடக் கெட்டிக்காரத்தனமாக இருந்தன. ஒன்று முன்னால் நின்று போக்குக் காட்ட, மற்றொன்று பின்னால் வந்து கொத்திற்று. அரை மணிக்கு மேலாகியிருக்கும். சட்டையெல்லாம் வாடை. அம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள்; பாயை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பார்த்தாள்.

"பரவால்ல, கொஞ்சந்தான் கொறயுது" என்று சொல்லி மட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.